டெய்சி பாப்பா கல்

மேட்டு பங்களாவின் முன்கதவைச் சனங்களுக்குத் திறந்துவிட்ட அன்றைக்கு அப்படி ஒரு மழை. குன்னூர்ப் பக்கத்து மழைக்கு நல்லது கெட்டது தெரியாது, நினைத்த நேரத்துக்கு வந்து உட்கார்ந்துகொள்ளும். கிரான்லி எஸ்டேட்டின் மேல் லைன், கீழ் லைன், பாலத்து லைன் என்று எல்லா லைன் வீடுகளிலிருந்தும் ஆட்கள் குடையும் பிளாஸ்டிக் சாக்குமாக ஏறி வந்து, படியோரம் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வெளியிலேயே நின்றார்கள். கதவு என்னவோ அகலத் திறந்துதான் கிடந்தது. உள்ளே இருந்து மளிகைக்கடை வேலுமணி வாங்க வாங்க என்று தொண்டை கிழியக் கூப்பிடுகிறார். ஒருத்தரும் அசையக் காணோம். பாட்டன் காலத்திலிருந்து இந்த பங்களாவுக்கு வந்து போகிறவர்கள்தாம். ஆனால் வந்ததெல்லாம் பின்பக்கம், விறகுக் கொட்டகை வழியாக. முன்கதவில் எந்தக் காலை முதலில் வைப்பது என்றுகூட யாருக்கும் தெரியவில்லை.

கடைசியில் மருதாம்பாள்தான் சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு உள்ளே போனாள். நாற்பது வருசம் கொழுந்து பறித்த கால், மரத்தரையில் வழுக்கப் பார்த்தது. "பாத்து வாங்க, தொரை நமக்குன்னே மெழுகு போட்டு வெச்சுட்டுப் போயிருக்கறாரு" என்றாள். சனம் சிரித்தது. சிரித்ததும் பயம் போய்விட்டது, திமுதிமுவென்று எல்லாரும் உள்ளே நுழைந்தார்கள்.

கதவோரம் வாட்ச்மேன் செல்லதுரை நின்றிருந்தார். பழக்கதோஷம், யார் வந்தாலும் குடையை வாங்கி உதறி மூலையில் சாய்த்துவைக்க வேண்டும் அவருக்கு. கீழ் லைன் கிழவி ஒருத்தி குடையைக் கொடுக்க மாட்டேன் என்று இழுத்துக்கொண்டாள். இவரும் விடவில்லை. சமையல்கட்டு வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த அவர் பெண்சாதி தபித்தாளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. கல்யாணமாகி இந்தப் பின்கட்டு வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அந்த வாசலில் இவ்வளவு செருப்புகளை அவள் பார்த்ததில்லை.

எஸ்டேட் கைமாறியபோது புது முதலாளிக்கு பங்களா தலைவலியாகப் போயிற்று. ஓடு மாற்ற வேண்டும், பூட்டிப் போட்டால் குரங்கு பிய்க்கும், தோட்டத்தில் காட்டெருமை படுக்கும். ஊர்ப் பொதுவுக்கென்று எழுதிக் கொடுத்துக் கையைக் கழுவிவிட்டார். லைனுக்கு அது கிடைக்காத பொருள். கல்யாணம் வைக்க ஓர் இடமில்லை, காதுகுத்துக்கு இடமில்லை, மழைக்காலத்தில் யாராவது செத்துப்போனால் பிணத்தை வைக்கக்கூட ஒரு கூரையில்லை. மாசம் ஒருதரம் வருகிற நர்சம்மா ஸ்டோர் ரூம் திண்டில் உட்கார்ந்து கர்ப்பிணிகளைப் பார்ப்பாள். பால்வாடி ஒரு தகரக் கொட்டகை.

அதனால் வேலுமணி தலைவராக ஒரு கமிட்டி அமைந்தது. வேலுமணி கோயமுத்தூர்க்காரர், அப்பா காலத்திலிருந்து பாலத்துப் பக்கம் மளிகைக் கடை. சத்தம்தான் அதிகம், மனசு தங்கம். வேலையைப் பார்க்க சுவாதி என்று ஒரு என்ஜினீயர் பெண் வந்தாள். நல்ல பெண். யார் எது சொன்னாலும் காது கொடுத்துக் கேட்பாள், பிறகுதான் பேசுவாள்.

பங்களாவை இடிக்காமல் உள்ளதை உள்ளபடி வைத்து நம்முடையதாக்க வேண்டும் என்பது அவள் எண்ணம். பில்லியர்ட்ஸ் மேசை கிடந்த பெரிய ஹால் பால்வாடி ஆயிற்று. சாப்பாட்டு ஹால் பந்திக்கு. துரையின் படுக்கை அறை நர்சம்மாவுக்கு. சுவர் நெடுக மான் தலையும் காட்டெருமைத் தலையுமாகப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தன. அதையெல்லாம் இறக்கிவிட்டு, லைன் வீடுகளில் டிரங்குப் பெட்டிக்குள் கிடந்த போட்டோக்களை வாங்கிச் சட்டம் போட்டு அந்தந்த ஆணியிலேயே மாட்டினார்கள். கூடையோடு நிற்கிற பெண்கள், ஃபேக்டரி வாசலில் மீசைக்காரக் கங்காணி, சிலோனிலிருந்து திரும்பி வந்தவர்கள் அங்கே கப்பலில் ஏறும்போது எடுத்த ஒன்று. மருதாம்பாள் தன் மாமியார் படத்தின் கீழே நின்று, உசுரோட இருந்தப்ப இந்தக் கெழவி இந்தக் கதவுப் பக்கம் வந்திருந்தா நாயை அவுத்துட்டிருப்பாங்க என்றாளாம். சிங்கக் கால் வைத்த துரையின் குளியல் தொட்டி ஒன்று இருந்தது. அதை என்ன செய்வதென்று ஒரு கூட்டமே போட்டார்கள். விசேஷத்துக்கு அரிசி களைய ஆகும் என்று முடிவாயிற்று.

பேர் வைப்பதில்தான் பெரிய தகராறு. ஆளுக்கொரு தலைவர் பேரைச் சொன்னார்கள். மேட்டு பங்களான்னுதானே நாம கூப்புடறோம், அதையே எழுதிருங்க என்று ஒரு பெண் சொன்னதும் அத்தனை பேரும் அடங்கிப்போனார்கள்.

தபித்தாளுக்கு எல்லாம் சந்தோசம்தான். நர்சம்மா அறைக்குக் கட்டில் வந்து இறங்கிய அன்றைக்கு மட்டும் கொஞ்ச நேரம் அதன் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். இது அன்றைக்கு இருந்திருந்தால் என்று ஒரு நினைப்பு. பிறகு எழுந்துபோய் கட்டடக்காரர்களுக்கு டீ போட்டாள்.

செல்லதுரைக்கும் வாட்ச்மேன் வேலை தொடரும் என்றார்கள், பின்கட்டு வீட்டிலேயே இருக்கலாம் என்றார்கள். ஆக எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, சுவாதி சமையல் கொட்டாய்க்கு இடம் குறிக்கிற வரைக்கும். பந்திச் சமையலை உள்ளே வைத்தால் மரத்தரை கெட்டுவிடும், வெளியேதான் கட்ட வேண்டும். மலையில் சமதரைக்கு எங்கே போவது? பின்தோட்டத்தின் கடைசி மூலையில், சைப்ரஸ் மரத்துக்குக் கீழே கொஞ்சம் மட்டமான இடம் உண்டு. சுவாதி அங்கே நான்கு குச்சி நட்டு நூல் கட்டினாள்.

நூலுக்குள்ளே ஒரு பாதிக் கல் நின்றிருந்தது. நூல் அதைச் சுற்றி ஓடுவதைப் பார்த்ததும் தபித்தாள் டீத் தட்டைத் தரையிலேயே வைத்துவிட்டாள்.

அந்தக் கல்லை எஸ்டேட்டில் எல்லாருக்கும் தெரியும். இங்கிலீஷில் டெய்சி என்று ஒரு பேர், அதன் கீழே பிறந்த வருசமும் செத்த வருசமும். கணக்குப் பார்த்தால் எட்டு வயசு. துரையின் பெண்குழந்தை இங்கே வந்து செத்துப்போயிற்று, பாவம் என்பார்கள். ஐப்பசியில் அங்கே மெழுகுவத்தி எரியும். பிள்ளையில்லாத பெண்கள் பழைய சேலைத் துண்டில் தொட்டில் கட்டுவார்கள். மருதாம்பாளின் மருமகள் மனிஷா அப்படிக் கட்டித்தான் அஸ்வந்த் பிறந்தான். அதற்குப்பின் டெய்சி பாப்பாவுக்கு மவுசு ஏறிவிட்டது.

டெய்சி ஒரு நாய். இது செல்லதுரைக்கும் தபித்தாளுக்கும் மட்டும் தெரியும். செல்லதுரையின் தாத்தா அந்தக் காலத்து துரைக்கு நாய் பார்க்கிற ஆளாக இருந்தவர். தவிட்டு நிறத்து நாய், சிறுத்தை அடித்துவிட்டது, துரை மூன்று நாள் சாப்பிடவில்லை என்று பேரனுக்குச் சொல்லியிருக்கிறார். முன்னெல்லாம் கல் முழுசாக இருந்தது. வருசத்துக்குக் கீழே 'நல்ல நாய்' என்று இங்கிலீஷில் வெட்டியிருந்தது. ஒரு காற்று மழையில் சைப்ரஸ் கிளை விழுந்து கல் இரண்டாக உடைந்தபோது, செல்லதுரை மேல் பாதியை மண்ணில் நட்டுவைத்தார். கீழ் பாதி அகலமாக, வாகாக இருந்தது. அதைக் கொண்டுவந்து எழுத்து அடியில் போகக் கவிழ்த்துப் போட்டுத் துணி துவைக்கிற கல்லாக்கிவிட்டார். நாளாவட்டத்தில் நாய் போய், பாப்பா வந்துவிட்டது.

ஆனால் அந்த மூலையில் குழந்தையே இல்லை என்று சொல்ல முடியாது. நாய்க் கல்லுக்கு இடப்பக்கம், ஒரு முழத்துக்கு அப்பால், தபித்தாளின் மூத்த பெண் கிடக்கிறாள்.

இப்போது பக்கத்து வெலிங்டன் பட்டாள முகாமில் சிவிலியன் வேலையில் இருக்கிற மகன் ரிஜோ இரண்டாவது. அவனுக்கு முன்னால் ஓர் ஐப்பசி மழையில் அது பிறந்தது. மண் சரிந்து குன்னூர் போகிற ரோடு இருந்த இடமே தெரியவில்லை. மானேஜர் குடும்பம் ஊட்டியில் மாட்டிக்கொண்டது. லைனிலும் நாலைந்து வீட்டுச் சுவர் விழுந்து, அவரவர் பாட்டை அவரவர் பார்க்கிற நேரம். மருத்துவச்சி ஒருத்தி நனைந்துகொண்டு வந்து பிரசவம் பார்த்தாள். இரண்டு நாள் நன்றாக அழுதது. மூன்றாம் நாள் பால் குடிக்கவில்லை, உடம்பு நீலம் பூத்துவிட்டது. போதகர் வந்து ஞானஸ்நானம் கொடுக்கும்போது பேர் வைத்துக்கொள்ளலாம் என்று இருந்தார்கள். ஆகவே பேரும் இல்லை. கல்லறைத் தோட்டம் சரிவுக்கு அந்தப் பக்கம் இருந்தது. பங்களாவில் ஓர் எலுமிச்சம்பழத்தைக்கூட கேட்காமல் தொடாத செல்லதுரை, அன்றைக்கு அலமாரியைத் திறந்து வெள்ளை மேசைவிரிப்பு ஒன்றை எடுத்துக் குழந்தையைச் சுற்றினார்.

எங்கே வைத்தார் என்று தெரிந்தபோது தபித்தாள் பச்சை உடம்போடு எழுந்து உட்கார்ந்து கேட்டாள்.

"இவ்வளவு பெரிய தோட்டத்துல நாய்க்குப் பக்கத்துலதான் எடம் கெடச்சுதுங்களா?"

"அந்தக் கல்லை ஒருத்தனும் தொட மாட்டான் தபித்தா. எந்தத் தொரை வந்தாலும், எந்தத் தோட்டக்காரன் வந்தாலும் மம்முட்டி அந்தப் பக்கம் போகாது. அதுனாலதான்."

அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. மானேஜர்கள் மாறினார்கள், பூப்பாத்திகள் இடம் மாறின, அந்த மூலையை யாரும் தொடவில்லை. ரோடு திறந்த பின்னால் கல்லறைத் தோட்டத்துக்கு எடுத்துப்போகலாமா என்று ஒருதரம் கேட்டார். தபித்தாள் கூடாது என்றுவிட்டாள். ஒருதரம் மூடியதைத் திறந்து பார்க்க அவளுக்குத் தைரியமில்லை. வருசா வருசம் பொழுது இறங்குகிற நேரம் ஒரு மெழுகுவத்தி கொண்டுபோய் வைப்பாள். மேல் காட்டில் கொழுந்து எடுத்துவிட்டு இறங்குகிற பெண்கள் அந்த வெளிச்சத்தைப் பார்த்தார்கள், கல்லைப் பார்த்தார்கள், அவர்களாகவே ஒரு பாப்பாவைக் கண்டுபிடித்துக்கொண்டார்கள். இவள் இல்லை என்று சொல்லவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

நூல் கட்டிய அன்றைக்கு மத்தியானம் செல்லதுரை சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாய்க்குக் கொண்டுபோகவில்லை. சொல்லிவிடலாமா என்று கேட்டார். யாரிடம் சொல்வது, என்ன சொல்வது என்று இவள் கேட்டாள். அவர் தட்டிலேயே கையைக் கழுவினார். மறுநாள் அவரிடம் சொல்லாமலே தபித்தாள் மேல் லைனுக்கு ஏறிப்போனாள்.

மருதாம்பாள் அடுப்படியில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். இவளும் ஒரு கை அள்ளி மடியில் போட்டுக்கொண்டு, உரித்தபடியே எல்லாவற்றையும் சொன்னாள். நாயைச் சொன்னாள், மழையைச் சொன்னாள், மேசைவிரிப்பைச் சொன்னாள். சொல்லி முடிக்கும்போது மடியில் தோலும் கொட்டையும் ஒன்றாகக் கலந்துகிடந்தன.

பேரன் அஸ்வந்த் பள்ளிக்கூடம் விட்டு வந்து, பையைப் போட்டுவிட்டு வர்க்கி ஒன்றை எடுத்துக் கடித்துக்கொண்டு ஓடினான். அவன் போன திக்கையே பார்த்துக்கொண்டு மருதாம்பாள் கேட்டாள்.

"அப்ப இவனைக் குடுத்தது ஆரு தபித்தா?"

"எனக்கெப்படித் தெரியுமக்கா. தொட்டில் கட்டறப்பெல்லாம் நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். நாய்க்குக் கட்டறாங்கன்னு நான் ஒருநாளும் நெனைக்கல. என்ற புள்ளை தலைக்கு மேல கட்டறாங்கன்னுதான் நெனச்சேன்."

மருதாம்பாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அவளுக்கு எப்போதும் வருகிற சுறுசுறுப்பு வந்துவிட்டது. யாருக்காவது கஷ்டம் என்றால் உடனே ஒரு வழி சொல்லியாக வேண்டும் அவளுக்கு.

"வெசனப்படாத அம்மிணி. கொத்தனார் ஆறுக்குட்டி நம்ம பையன்தான், வெளிய சொல்லமாட்டான். பக்குவமாத் தோண்டி எடுக்கச் சொல்றேன். உங்க கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோயி, பாதிரியாரைக் கூப்புட்டு, மொறையா வெச்சுரலாம். நானே கூட வர்றேன்."

"என்னத்தக்கா எடுக்கறது? மூணு நாள் கொழந்தை. எலும்புகூட மிஞ்சியிருக்காது. மண்ணுதான் இருக்கும். எந்த மண்ணு என்ற புள்ளைன்னு ஆறுக்குட்டிக்கு எப்படித் தெரியும்?"

மருதாம்பாள் கையிலிருந்த அவரைக்காயைக் கீழே வைத்தாள்.

எல்லாரிடமும் உள்ளதைச் சொல்லிவிட்டால் என்ன என்று தபித்தாளே கேட்டாள். சனம் நல்ல சனம்தானே, புரிந்துகொள்ளாதா?

"நல்ல சனம்தான். ஆனா சோறாக்கற எடத்துக்குப் பக்கத்துல கொழந்தைப் பொணம் கெடக்குதுன்னு தெரிஞ்சா ஒருத்தி எல போட மாட்டா. தோண்டி எடுத்துக்கிட்டுப் போங்கன்னுதான் சொல்லுவாங்க, அழுதுக்கிட்டே சொல்லுவாங்க. தொரைப் பாப்பான்னா சாமி அம்மிணி. வாட்ச்மேன் புள்ளைன்னா தீட்டு. நம்ம சனத்தை எனக்குத் தெரியாதா?" அவரைக்காயைத் திரும்பக் கையில் எடுத்துக்கொண்டு, "நாயின்னு மட்டும் ஆருகிட்டயும் சொல்லிப்போடாத" என்றாள். "மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை பால்வாடி ஹாலில் கூட்டம் கூடியது. சுவாதி அந்தக் கல்லைப் பற்றி ஏற்கெனவே யோசித்துவைத்திருந்தாள். மூலையில் கிடந்து யார் பார்க்கிறார்கள், அதைப் பக்குவமாகப் பெயர்த்து முன்வராந்தாவில் ஒரு மாடம் கட்டி வைத்துவிடுவோம், ஊருடைய நம்பிக்கை வாசலிலேயே இருக்கட்டும் என்றாள். மரியாதை செய்வதாகத்தான் அந்தப் பெண் நினைத்தாள், குறை சொல்ல முடியாது. வேலுமணி உடனே பிரமாதம் என்றார். பாதிப் பேர் தலையாட்டிவிட்டார்கள். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த தபித்தாள் மருதாம்பாள் பக்கம் திரும்பினாள்.

மருதாம்பாள் எழுந்தாள். கல்லைத் தூக்கிக்கொண்டு வந்தால் பாப்பா கூடவே நடந்து வந்துவிடுமா என்று கேட்டாள். பாப்பா படுத்திருக்கிற இடத்தில் அடுப்பை மூட்டிவிட்டு வெறுங்கல்லை வாசலில் வைத்துக் கும்பிடுவதா என்றாள். பெண்கள் பக்கம் முணுமுணுப்பு கிளம்பியது. மனிஷா அழவே ஆரம்பித்துவிட்டாள். சுவாதி யோசித்தாள். கல் மட்டும்தானா, நிஜமாகவே அங்கே அடக்கம் செய்திருக்கிறார்களா என்று யாருக்காவது உறுதியாகத் தெரியுமா என்று கேட்டுவிட்டு, கதவோரம் நின்றிருந்த செல்லதுரையைப் பார்த்தாள்.

"ஐயா, மூணு தலைமொறையா இங்க இருக்கறவங்க நீங்க. நீங்க சொல்லுங்க. அங்க இருக்கறது யாரு?"

செல்லதுரை சபையில் ஜெபம் சொல்கிற ஆள். அவர் வாயிலிருந்து ஒரு பொய் வந்து யாரும் கேட்டதில்லை, கடையில் சில்லறை கூடக் கொடுத்துவிட்டால் மழையென்றும் பாராமல் இறங்கிப்போய்த் திருப்பித் தருவார். கம்பளித் தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டே நின்றார். தபித்தாள் அவர் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள்.

"தொரையோட கொழந்தைங்கம்மா" என்றார். "எங்க தாத்தா கையாலதான் அடக்கம் பண்ணினாரு."

சுவாதி பேப்பரை எடுத்துத் திரும்பவும் கோடு போட்டாள். போட்டவள் பென்சிலை வைத்துவிட்டுத் தயங்கினாள். கொட்டாய்க்கு அந்த மூலை இல்லையென்றால் மட்டமான இடம் இன்னொன்றுதான் உண்டு, பின்கட்டு வீடு நிற்கிற இடம். அதை இடிக்க வேண்டிவரும். வேறு வழி ஏதாவது பார்க்கலாம், கொஞ்சம் அவகாசம் கொடுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இடிச்சுக்குங்கம்மா" என்றார் செல்லதுரை. "பையன் வெலிங்டனுக்கு வரச் சொல்லிக் கூப்புட்டுக்கிட்டேதான் இருக்கறான்."

ரிஜோ அப்படி ஒன்றும் கூப்பிட்டுக்கொண்டிருக்கவில்லை. அன்றைக்கு அது இரண்டாவது பொய்.

வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். தபித்தாள் உருளைக்கிழங்குக் குழம்பு வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். தொடவில்லை. இத்தனை சனத்துக்கு நடுவில் நின்று பொய் சொன்னேன், தாத்தனையும் சேர்த்து இழுத்துவிட்டேன் என்று சொல்லிச் சொல்லி மாய்ந்தார். பொய் சொன்னதுகூடப் பெரிசில்லை. என்ற புள்ளைன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு, முழுங்கிட்டேன் என்று சொல்லிச் சுவரில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டார். இவள் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்தாள். குழந்தையைக் காப்பாற்றியாயிற்று, ஆனால் அதை விட்டுவிட்டுப் போக வேண்டும். அதன் பக்கத்திலேயே இருந்து சாகலாம் என்று எண்ணியிருந்தவள் அவள். அது இல்லையென்று ஆகிவிட்டது, இனி அழுதால் அழுதுகொள்ள வேண்டியதுதான்.

பங்களாவின் திறப்புவிழா விசேஷத்தைக் கார்த்திகையில் வைத்தார்கள், கொட்டாய் மட்டும் பிறகு கட்டிக்கொள்வது என்று. அதுவரை பின்கட்டு வீட்டை விட்டுவைத்தார்கள். அதற்குள் மூலையில் இரும்புக் கம்பியில் ஒரு வேலி வந்தது. வேலி போடும்போது மருதாம்பாள் கூடவே நின்று, இன்னுங்கொஞ்சம் இடப்பக்கம் தள்ளுப்பா, இன்னுங்கொஞ்சம் என்று ஆறுக்குட்டியை விரட்டினாள். பாப்பாவுக்குக் கால் நீட்டிப் படுக்க இடம் வேண்டாமா என்றாள். வேலிக்குப் பச்சைப் பெயின்ட், ஒரு சின்னத் தகரத்தில் மஞ்சள் எழுத்து, டெய்சி பாப்பா.

விசேஷத்தன்று மழை விட்டிருந்தது. அதிசயம்தான். துரையின் தொட்டியில் அரிசி களைந்து, தற்காலிகப் பந்தலில் சாம்பார் கொதித்து, சாப்பாட்டு ஹாலில் பந்தி மாற்றிப் பந்தி நடந்தது. கூடலூரிலிருந்துகூட ஒறம்பரை, சொந்தபந்தமெல்லாம் வந்திருந்தார்கள். தன் மாமியார் போட்டோவுக்குக் கீழே உட்கார்ந்துதான் சாப்பிடுவேன் என்று மருதாம்பாள் அடம்பிடித்து ஒரு பந்தி காத்திருந்தாள். நர்சம்மா அறையில் முதல் கர்ப்பிணியாகப் பாலத்து லைன் பெண் ஒருத்தி வெட்கப்பட்டுக்கொண்டு போய்ப் படுத்தாள். வேலுமணி மைக்கில் பேசிப் பேசித் தொண்டை கட்டிக்கொண்டார்.

சாப்பாட்டுக்கு முன்னால் மூலையில் மெழுகுவத்தி வைத்தார்கள். முதல் வத்தியை ஏற்றுகிற மரியாதை தலைவருக்கா என்ஜினீயருக்கா என்று பேச்சு வந்தபோது, மருதாம்பாள் தீப்பெட்டியைக் கொண்டுவந்து தபித்தாள் கையில் திணித்தாள். இத்தனை வருசம் இந்தக் கல்லைப் பார்த்துக்கொண்டவள் இவள்தான் என்றாள். தபித்தாளுக்கு மூன்று குச்சி வீணாயிற்று. பால்வாடிப் பிள்ளைகள் வரிசையாக வந்து ஆளுக்கொரு பூவை வைத்துவிட்டு, டீச்சர் சொல்லிக்கொடுத்தபடி, "டெய்சி பாப்பா, வணக்கம்" என்று கத்தின. ஒரு வாண்டு தான் கடித்த பன்னையும் வேலிக்குள் வைத்துவிட்டுப் போனது.

மறுநாள் காலையில் சாமான் ஏற்ற, வாடகைக்கு ஓட்டுகிற வசந்தகுமாரின் ஜீப் வந்தது. சாமான் என்று பெரிதாக ஒன்றுமில்லை. கட்டில், பாத்திரம், ஒரு பீரோ, ஜெபப் புத்தகங்கள். கடைசியாக செல்லதுரை குழாயடிக்குப் போய், துவைக்கிற கல்லைப் பெயர்த்து, எழுத்துள்ள பக்கம் தெரியாமல் கோணிச்சாக்கில் சுற்றினார். தூக்க முடியவில்லை, வசந்தகுமார்தான் ஒரு கை பிடித்தான்.

"ஏனுங்க, வெலிங்டன்ல கல்லுக்குப் பஞ்சமுங்களா?"

"துணி தொவைக்க வாகா இருக்கும் தம்பி" என்றார் அவர்.

ரிஜோ வீட்டில் வாஷிங் மெசின் இருந்தது. வீட்டை இடிக்கும்போது அந்தக் கல் யார் கண்ணிலாவது பட்டால் எல்லாம் போயிற்று, அதனால் கூடவே வரட்டும் என்று இருவரும் பேசிவைத்திருந்தார்கள்.

ஜீப்பில் ஏறுவதற்கு முன்னால் தபித்தாள் மூலைக்குப் போனாள். மஞ்சு மூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. வேலிக்குள் பூவெல்லாம் நனைந்துகிடந்தது, பன்னை எறும்பு மொய்த்திருந்தது. சைப்ரஸ் கிளையில் புதிதாக ஒரு தொட்டில். சற்றைக்கெல்லாம் செல்லதுரையும் வந்து பக்கத்தில் நின்றார். விசேஷத்தன்று அவர் இந்தப் பக்கமே வரவில்லை, குடை வாங்கி வைக்கிறேன் என்று வாசலிலேயே நின்றுவிட்டார், மழையே இல்லாத நாளில். தகரத்தில் எழுதியிருந்த பேரை இப்போதுதான் பக்கத்தில் நின்று பார்க்கிறார்.

"அது நாய்ப் பேரு தபித்தா" என்றார்.

"தெரியுமுங்க."

"என்ற புள்ளைக்கு நாய்ப் பேரு."

அவள் வேலிக்கம்பியில் ஒட்டியிருந்த மெழுகை நகத்தால் சுரண்டிக்கொண்டே சொன்னாள்.

"இத்தன வருசம் நாம அவளை என்னன்னுங்க கூப்புட்டோம்? பேரே இல்லாம, அந்தப் புள்ளை, அந்த மழைல போன புள்ளைன்னோம். நேத்து அத்தன கொழந்தைகளும் வரிசையா நின்னு பேரு சொல்லிக் கூப்புட்டுதுக. நானும் மனசுக்குள்ள ஒருக்காக் கூப்புட்டுப் பாத்தனுங்க. என்னன்னு திரும்பிப் பாத்த மாதிரி இருந்துச்சு."

மேலே வசந்தகுமார் ஹாரன் அடித்தான். தபித்தாள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நடந்தாள். ஜீப்பில் பின்பக்கம் ஏறி, சாக்கில் சுற்றிய கல் உருளாமல் இரண்டு காலாலும் அணைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இவர் வரக் காணோமே என்று திரும்பிப் பார்த்தாள்.

அவர் இன்னும் அங்கேயே நின்றிருந்தார். கம்பளித் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வேலியைப் பிடித்தபடி இடப்பக்கமாகக் குனிந்தார், கல் இருக்கிற பக்கம் இல்லை.

"டெய்சி" என்று கூப்பிட்டார். குரல் மஞ்சுக்குள் இவள் வரைக்கும் கேட்டது. "அப்பன் போயிட்டு வர்றேன் சாமி."